கழிபொருளும் கலைப்பொருளும்: ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப்புறத்தை முன்னிட்ட ஓர் ஆய்வு

பயன் தீர்ந்த பொருள்களைக் கொண்டு சிற்பமும் பிற கலைவடிவங்களும் ஆக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டில் தோன்றி, பின்னர் நம் நாட்டிற்கு வந்தது என்னும் கருத்து கலைவரலாறு எழுதுவோரிடையே பெரிதும் நிலைபெற்றுள்ளது. பாரிசு நகரில் நிகழ்ந்ததனைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, இந்திய நகரங்களில் அதன் சாயலைத் தேடிக் காண்பதே வழக்கமாகிவிட்டது. இக்கருத்து முற்றும் பிழையன்று. ஆயின் முழுதும் உண்மையுமன்று. மேனாட்டிலிருந்து வந்தது எது, இங்கு முன்னரே இருந்தது எது என்னும் பாகுபாட்டைச் செய்யாமல் இரண்டனையும் ஒன்றெனக் கொள்வதனால் விளைந்த குழப்பம் இது. தமிழகத்தின் வடமேற்கு எல்லையாகிய ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு அப்பாகுபாட்டினைச் செய்ய இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஓசூர் என்பது கன்னடத்தில் ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும். ஆயின் ஊர் பழையது. சந்திரசூடேசுவரர் கோயிற் கல்வெட்டுகளில் செவிடபாடி என வழங்குவது. கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் எனப் பலர் கைமாறிய நிலம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள இராமநாதன் இங்குள்ள குந்தாணியில் இருந்து ஆண்டான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கக் கேட்கலாம். 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில்வளாகங்களுள் ஓசூர் வளாகம் மிக முந்தியவற்றுள் ஒன்று. 1980-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் சரக்குந்து ஆலை இங்கு எழுந்தது, அவ்வாண்டிலேயே டி.வி.எஸ். நிறுவனத்தின் சிறு மிதியுந்தும் இங்கிருந்து வெளிவந்தது. சில ஆண்டுகளிற் டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. 2004-இல் கிருட்டிணகிரி தருமபுரியினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. நடுகற்களும் மலிந்து, இரும்புக் கழிவும் மலிந்து கிடக்கும் நிலம் இஃது. எமது ஆய்விற்கு இவ்விரண்டும் வேண்டும்.

முதற்கண் சொல்லினை நோக்குவோம். மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியர் உறு, தவ, நனி என்னும் மூன்றனையே ஓதினார். நன்னூலார் அவற்றொடு சால, கூர், கழி என்பனவற்றையும் கூட்டி ஆறாக்கினார். ஆகவே, கழி என்பது மிகுதி. கழிதல் என்னும் வினையோ நீங்குதலை உணர்த்தும். இவ்விரண்டும் ஒரு வேரினவோ, வடிவொற்றுமை மட்டும் உடையனவோ என்பதனை வேர்ச்சொல் ஆராய்வார் முடிவு செய்க. எமக்கு வேண்டுவது வேறு. கழிபொருள் என ஒன்றனைச் சுட்டும்பொழுது அது நீங்கியதா, மிக்கதா என வினவுதல் வேண்டும். உடுத்து நைந்த துணி நீங்கியது. இரும்புத் தகட்டிலிருந்து வேண்டிய வடிவை அச்சில் வெட்டியெடுத்தபின் ஓட்டை ஓட்டையாக எஞ்சும் மிச்சம் எவரும் பயன்படுத்தி நைந்ததன்று. வேண்டியதற்கு மேல் மிக்கது. பழைய உலகின் கழிபொருள் பெரும்பாலும் முன்னது. தொழிற்சாலை உலகின் கழிபொருளோ பெரும்பாலும் பின்னது. கிருட்டிணகிரி வட்டாரத்துக் கருங்கற் குழிகளின் அருகே குன்றாகக் குவிந்துள்ள கற்பாளங்களும் அவ்வாறே மிக்கனவே; கீறலோ நிறமாற்றமோ கண்டவுடன் ஒதுக்கப்பட்டவை அவை. மறுசுழற்சி என இன்று வழங்கும் சொல், பழைய இரும்பை உருக்கி மீண்டும் இரும்பாக்கும் உலைக்குப் பொருந்தும். ஏனெனில் சுழல்வது தொடங்கிய இடத்திற்கே வருதல் வேண்டும். கலையாக மாறிய பொருள் அவ்வாறு திரும்புவதில்லை. ஆதலின் அச்சொல்லை ஈண்டு விலக்கினோம்.

பழம்பொருளைக் கொண்டு புதுக்கலை ஆக்குதல் தமிழரிடையே அரிய செயலாக இருந்ததில்லை. ஊறுபட்ட செப்புத் திருமேனியை உருக்கி மீண்டும் வார்க்கலாம் எனவும், சிதைந்த கற்படிமத்தை ஆழ்ந்த நீரில் இட்டுவிடல் வேண்டும் எனவும் ஆகமங்கள் விதிக்கும். சீரணோத்தாரணம் என்பது அவ்விதிக்குப் பெயர். செம்பிற்கும் கல்லிற்கும் இவ்வேறுபாடு ஏன்? உருகும் பொருள் தன் முன்னை வடிவை முற்றும் மறந்துவிடுகின்றது; கல் மறப்பதில்லை. கை இழந்த கற்சிலையை எவ்வாறு செதுக்கினும் இழந்த கை இழந்ததாகவே தோன்றும். பழைய வடிவின் நினைவு எஞ்சாத இடத்தில்தான் மறுபயன் குற்றமற்றது என்னும் எண்ணம் இவ்விதியின் அடியில் இருந்ததாக யாம் கருதுகின்றோம்.

திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து உருக்கித் திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் எனக் குருபரம்பரை கூறும் கதையினை யாவரும் அறிவர். அது நிகழ்ந்ததோ இல்லையோ, கதை சொல்லப்பட்ட முறை எமக்குப் பயன்படும். பொன் மதிலாயிற்று, புத்தர் எங்கும் எஞ்சவில்லை. மற்றொரு சான்று கல்வெட்டுலகினது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்க இராசராசன் ஆணையிட்டபொழுது, பழஞ்சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து, புதுச்சுவர் எழுந்தபின் மீண்டும் வெட்டுவித்தனர். அப்பணி இராசேந்திரன் காலத்தில் நிறைவேறிற்று. இங்குக் கல் நீங்கிற்று, எழுத்து நின்றது. முன்னதில் பொருள் நின்று வடிவம் அழிந்தது. பின்னதில் வடிவம் நின்று பொருள் அழிந்தது. ஒன்றுக்கொன்று மறுதலையான இவ்விரு செயல்களிலும் பொதுவாக உள்ளது ஒன்றே. பழையதும் புதியதும் ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

வீட்டுக்கலைகளிலும் இந்நெறியே மிகுதி. பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, அக்கூழை முறத்திலும் கூடையிலும் பூசி உலர்த்தும் வழக்கம் நம் ஊர்ப்புறப் பெண்டிரிடம் அண்மைக்காலம்வரை இருந்தது. பண்ணுருட்டி முதலிய இடங்களிற் செய்யப்படும் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் அவ்வழியின. பொம்மையின் முகத்தைப் பார்த்து அது முன்னர் எச்செய்தித்தாளாக இருந்தது எனக் கூறவியலாது. பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குக் கொடுத்துப் புதியது வாங்கும் பழக்கமும் இதன்பாற்படும்.

இதற்கு விலக்காகக் காட்டக்கூடியன சில உள. அவை பெரியோர் செய்தன அல்ல. உடைந்த கண்ணாடி வளையல்களை விளக்குச் சுடரிற் காட்டி வளைத்து ஒன்றோடொன்று கோத்துச் சிறுமியர் செய்யும் சங்கிலியில் ஒவ்வொரு துண்டும் வளையலாகவே தோன்றும். நுங்கு தின்றபின் எறியும் கூந்தலை உருளையாக்கிச் சிறுவர் ஓட்டும் வண்டியில் நுங்கு நுங்காகவே இருக்கும். பழையதனை மறைக்காமல், பழையது எனத் தெரியுமாறே புதியதன் உறுப்பாக்கும் இம்முறைதான் பின்னர் மேனாட்டிற் பெரும் பெயர் பெற்றது. இங்கு அஃது இல்லை என்பார், சிறாரின் கைவினையைக் கலைவரலாற்றில் எண்ணாமையினாலேயே இல்லை என்கின்றனர். எண்ணினால் விடை வேறாகும்.

இனி நடுகல்லுக்கு வருவோம். எல்லைப்புறத்தின் சிறப்பான சான்று அதுவே. கழிபொருளினின்று கலை தோன்றுதலை ஆராயும் கட்டுரையில் நடுகல்லுக்கு என்ன இடம் என ஐயுறல் கூடும். கலை கழிபொருளாகவும், அக்கழிபொருள் மீண்டும் வேறொன்றாகவும் மாறிய வரலாற்றை இக்கற்களைப்போல் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை என்பதே எம் விடை.

ஆநிரை கவர்ந்தோ மீட்டோ, ஊரழிவில் பொருதோ, கொடுவிலங்கொடு போரிட்டோ இறந்த வீரனுக்குக் கல் எடுத்தலைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் வகுத்துரைக்கும். பல்லவர் காலம் தொட்டு விசயநகர காலம் ஈறாகத் தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் வட்டாரங்களில் எழுந்த இக்கற்கள் மிகப் பல. இரா. நாகசாமி அவர்களின் முயற்சியாற் ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வெளிவந்தபின்னரே தமிழுலகம் இவற்றின் பெருமையை நன்கு உணர்ந்தது. கிருட்டிணகிரியில் 1993-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் பல வைக்கப்பட்டுள்ளன. வீரன் யாவன், எவர் சேவகன், எவ்வூர்ப் பூசலில் பட்டான் என்பனவற்றைப் பெயரோடு பொறித்தலே இவற்றின் நோக்கம். செங்கம் வட்டத்து எடுத்தனூர்க் கல் இதற்கு எல்லையான சான்று. மகேந்திரவர்மன் காலத்ததாகிய அக்கல்லில் கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவன் நாயும் உருவாகச் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என எழுதிவைத்தனர். ஒரு நாயின் பெயரும் மறக்கப்படலாகாது எனக் கருதிய மக்கள் அவர்.

இக்கற்களின் பின்னைய வாழ்க்கை வியப்புடையது. அது சங்ககாலத்திலேயே தொடங்கிவிட்டது. சுரத்தின் வழியே செல்லும் மறவர் தம் அம்பின் முனையை நடுகல்லில் தீட்ட, தீட்டத் தீட்டக் கல்லின் பக்கம் தேய்ந்து மெலிந்தது என அகநானூற்றுப் பாலைப்பாடல்களுள் ஒன்று கூறும். எழுத்துக்கள் குறைந்து வழிச்செல்வோர்க்குப் பொருள் விளங்காமற்போயின எனவும் அந்நூலிற் குறிப்பு உண்டு. வீரனை நினைப்பதற்கு எடுத்த கல்லே மற்றொரு வீரனின் சாணைக்கல்லாயிற்று. உரையாசிரியர்கள் இதனைப் பாலையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வர். அது பொருந்தும். எனினும் கருவியின் பயன் கண்ட கண்ணுக்கு நினைவுச்சின்னமும் கல்லே என்பதும் அதனுள் அடங்கியுள்ளது. மறுபயனைக் குறிக்கும் மிகப் பழைய தமிழ்ச்சான்று இதுவே எனச் சொல்லத் துணிகின்றோம்.

இந்நாளிற் கிருட்டிணகிரி மாவட்டத்து ஊர்களில் யாம் கண்டவையும் அதற்கு இயைந்தனவே. ஏரிக்கரையிற் படியாகக் கிடந்த கல்லொன்றனைத் திருப்பிப் பார்த்தபொழுது வில்லேந்திய உருவம் வெளிப்பட்டது. துணி துவைக்கும் கல்லாக வழவழப்பு ஏறியது ஒன்று. வரப்பில் எல்லைக்கல்லாக நின்றது ஒன்று. அதனை நாட்டியவர்க்கு அதன் எழுத்து வட்டெழுத்தோ கன்னடமோ என்பதைப்பற்றிக் கவலையில்லை. கல் உயரமாக இருந்தது, போதும். இவற்றைக் கண்டு வருந்துதல் ஆராய்ச்சியாளர்க்கு இயல்பு. யாமும் வருந்தினோம். ஆயின் வைதல் தகாது. மும்முறை அரசும் மொழியும் மாறிய நிலத்தில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்கத் தெரியாமை உழவனின் குற்றமன்று.

எல்லாக் கற்களும் இங்ஙனம் தாழ்ந்தன அல்ல. வேடியப்பன் என்னும் பெயரால் இவ்வட்டாரத்தில் வழிபடப்பெறும் தெய்வம் பல இடங்களில் ஒரு நடுகல்லே. வில்லும் அம்பும் ஏந்தி நிற்கும் உருவத்தைக் கண்ட மக்கள், பெயரும் வரலாறும் மறந்துபோன நிலையில், வேட்டுவனாகிய அப்பன் என அழைத்து, எண்ணெய் பூசி, மஞ்சள் சாத்தி, பொங்கலிட்டு வழிபடலாயினர். இங்குக் கல்லில் ஓர் உளிச்சுவடும் புதிதாக விழவில்லை. உருக்கவில்லை, உடைக்கவில்லை, ஒட்டவில்லை. பொருள் அதுவே, வடிவம் அதுவே. மாறியது அதன் கருத்து ஒன்றே. கிடந்த பொருளை இருந்தவாறே எடுத்து, அதன் பெயரை மாற்றி, வேறொன்றாக நிறுத்துதலை 1917-இல் மார்செல் துசாம்பு நியூயார்க்கிற் செய்தபொழுது உலகம் அதிர்ந்தது என்பர். வேடியப்பனை நிறுத்தியவர்கள் அதிர்ச்சி எதனையும் நாடவில்லை. அவர்க்குத் தெய்வம் வேண்டியிருந்தது. நோக்கம் வேறாதலின் இரண்டனையும் ஒன்றென யாம் கூறவில்லை. செயலின் அமைப்பு ஒன்று என்றே கூறுகின்றோம். ஒரு வேறுபாட்டினை மட்டும் சுட்டாது விடலாகாது. பூசிய எண்ணெயும் சுண்ணமும் எழுத்தின் பள்ளங்களை நிரப்பிவிட, மைப்படி எடுப்பார்க்கு அவ்வெழுத்துகள் எளிதிற் கிட்டுவதில்லை. கல்லைக் காத்த வழிபாடே பெயரை மூடிற்று. படியாகக் கிடந்த கல்லிலும் பெயர் போயிற்று. கோயிலாக நின்ற கல்லிலும் பெயர் போயிற்று.

மேனாட்டு வரலாற்றைச் சுருங்கக் கூறி அப்பாற் செல்வோம். துசாம்பு 1913-இல் மிதிவண்டிச் சக்கரமொன்றனை முக்காலிமேல் நிறுத்தினார். முதற்பெரும் போருக்குப்பின் செருமனியில் குர்ட் சுவிட்டர்சு பயணச்சீட்டு, மரத்துண்டு முதலிய தெருக்குப்பைகளை ஒட்டிப் படங்கள் ஆக்கினார். 1942-இல் பிக்காசோ மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளையின் தலை ஆக்கினார். பின்னர் அதனை வெண்கலத்திலும் வார்த்தார். வெண்கல வார்ப்பில் இருக்கை தோலாகவும் கைப்பிடி இரும்பாகவும் இருந்த வேறுபாடு மறைந்துவிடுகின்றது; நம் பழைய நெறிக்கே அவ்வடிவம் திரும்பியது போலும். 1961-இல் நியூயார்க்கு நவீனக்கலை அருங்காட்சியகம் இவ்வகைப் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபின் இம்முறை கல்லூரிப் பாடமாயிற்று.

இவற்றினும் எமக்கு நெருங்கியது சண்டிகாரில் நிகழ்ந்தது. பிரிவினையின்பொழுது மேற்குப் பஞ்சாபினின்று வந்தவர் நேக்சந்து. பொதுப்பணித்துறையிற் சாலைக் கண்காணிப்பாளர். லெ கொர்பூசியரின் திட்டப்படி புதிய தலைநகரை எழுப்புவதற்காக இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவ்வூர்களின் இடிபாடுகளையும், நகரின் குப்பைமேடுகளில் உடைந்த பீங்கானையும் வளையலையும் மின்கருவித் துண்டுகளையும் அவர் மிதிவண்டியிற் சேர்த்துக் கொணர்ந்தார். ஏறத்தாழ 1957 முதல், கட்டடம் எழுப்புதல் விலக்கப்பட்டிருந்த காட்டுநிலத்தில், பணிநேரம் முடிந்தபின் எவரும் அறியாமல் உருவங்கள் செய்து நிறுத்தினார். 1975-ஐ ஒட்டி அதிகாரிகள் அதனைக் கண்டனர். சட்டப்படி அஃது இடிக்கத்தக்கது. மக்கள் விரும்பியமையால் இடிக்கப்படாமல் 1976-இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருக்கு ஊதியமும் பணியாட்களும் அளிக்கப்பட்டன. 1984-இற் பத்மசிரீ விருது பெற்ற அவர் 2015-இல் மறைந்தார். 

இவ்வரலாற்றில் பலரும் வியப்பது ஒரு தனிமனிதனின் விடாமுயற்சியை. எமக்கு வேறொன்று முதன்மையாகப் படுகின்றது. பதினெட்டு ஆண்டுகள் அவர் ஏன் மறைந்து செய்தார்? நிலம் அரசினது என்பது காரணம். கழிபொருளுக்கும் உடையவர் உண்டு என்பது அதனோடு ஒட்டிய மற்றொரு செய்தி. எறியப்பட்டது எவர்க்கும் உரியதன்று என்பது கலைஞனின் எண்ணம். எறிந்தவனுக்கோ, எறிந்த இடத்தின் உடைமையாளனுக்கோ உரியது என்பது சட்டத்தின் எண்ணம். இவ்விரண்டிற்கும் இடையேதான் இக்கலை பிறக்கின்றது. புதிய ஊர் எனப் பொருள்படும் பெயரையுடைய ஓசூரைப் பற்றி எண்ணும்பொழுது, பழைய ஊர்கள் இருபதின் ஓடும் செங்கலும் கொண்டு எழுந்த இச்சிற்பவனம் நினைவிற்கு வராமற் போகாது.

தமிழகத்தில் இம்முறையின் வருகையைச் சோழமண்டலத்தினின்று தொடங்குவோர் உளர். 1966-இல் கே.சி.எசு. பணிக்கரும் அவருடன் சார்ந்த ஓவியரும் சிற்பியரும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய கலைச்சிற்றூர் அது. பி.வி. சானகிராம் செப்புத்தகட்டை அடித்து வளைத்துச் சிற்பங்கள் செய்தார், ச. நந்தகோபால் செம்பும் பித்தளையும் பற்றவைத்துச் செய்தார். பட்டறைத் தொழிலாளியின் கருவிகளைச் சிற்பக்கூடத்திற்குக் கொணர்ந்த பெருமை இவர்களுக்கு உரியது. எனினும் தகடு வேறு, கழிவு வேறு. இவர்கள் கொண்டது பெரும்பாலும் சிற்பத்திற்கென்றே தேர்ந்த உலோகம். மெழுகு வார்ப்பினின்று விலகிப் பற்றவைப்பிற்கு வந்தமையே இவர்தம் புதுமை. அதனைக் கழிபொருட்கலை எனல் பொருந்தாது. 

ஈழத்தினின்று ஒரு சான்று காட்டுவோம். 1981-இல் எரியுண்டு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், ‘அகம் புறம்’ என்னும் பெயருடன் 2004-இல் ஒரு கலைக்காட்சி நடைபெற்றது. அதில் தா. சனாதனன், யாழ்ப்பாண மக்கள் தத்தம் வீடுகளிலிருந்து கொடுத்த எளிய பொருள்களைத் தொகுத்து ஒரு படைப்பாக வைத்தார். போர் நடந்த நிலத்தில் எஞ்சிய பொருள் ஒவ்வொன்றும் உடையவர் ஒருவரின் நினைவைச் சுமந்து நின்றது. திணைப்பாகுபாட்டின் பெயரை அக்காட்சிக்கு இட்டவர் தமிழறிந்தவர் என்பதில் ஐயமில்லை. நடுகல்லின் பணியைப் பிறிதொரு வகையிற் செய்த முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

ஓசூருக்குத் திரும்புவோம். பெரிய ஆலைகளுக்கு உறுப்புச் செய்து கொடுக்கும் சிறுபட்டறைகள் இங்கு மிகப் பல. அவற்றின் பின்புறத்தில் கடைசற்பொறி உரித்த இரும்புச் சுருள்களும், அச்சில் வெட்டிய தகட்டின் மிச்சங்களும், தேய்ந்த துளையூசிகளும், அளவு தவறியமையால் ஒதுக்கிய பற்சக்கரங்களும் தனித்தனிக் குவியல்களாகக் கிடக்கும். தனித்தனியே வைத்தல் ஒழுங்கின்பொருட்டு மட்டுமன்று. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. எடைபோட்டு எடுத்துச் செல்பவர் காயலான்கடைக்காரர். காயல்பட்டினத்து வணிகரைச் சுட்டி எழுந்தது இப்பெயர் என்பர். கடற்கரை ஊரொன்றின் பெயர் மலையடிவாரத்துப் பட்டறைத் தெருவிலும் வழங்குதல் காண்க. மணிமேகலை சோழநாட்டில் மகதவினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்வினைஞரோடு கூடித் தொழில் செய்தனர் என்னும். ஓசூர்ப் பட்டறைகளில் அக்கூட்டத்தை இன்று மீண்டும் காணலாம்; பெயர்கள்தாம் பீகாரும் ஒடிசாவும் அசாமும் என மாறியுள்ளன.

நகரங்களின் நாற்சந்திகளிலும் தொழிற்கூட வாயில்களிலும் இரும்புக்கழிவாலான குதிரை, மயில், உழவன் முதலிய உருவங்களை நிறுத்துதல் இந்நாளிற் பெருகிவருகின்றது. 2019-இல் தில்லியில் உலக வியப்புகள் ஏழன் உருவங்களைக் கழிவிரும்பாலேயே அமைத்த பூங்கா திறக்கப்பட்டபின் இவ்விருப்பம் மேலும் மிகுந்தது. இத்தகையன பலவற்றை யாம் நின்று நோக்கியுள்ளோம். அடியில் உள்ள பலகையிற் பெரும்பாலும் பொருளுதவியவர் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் நாளும் உள்ளன. செய்தவர் பெயரைக் கண்டது மிக அரிது. எடுத்தனூரில் நாய்க்குப் பெயர் எழுதிய மரபினர் நாம் என்பதனை அவ்விடத்தில் நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. கழிபொருட்கலையின் வரலாற்றை எழுதப்புகும் மாணவர், வடிவத்தை ஆராய்வதற்கு முன் பெயரைத் தேடுதல் வேண்டும். இரும்பில் துரு ஏறுமுன் கேட்டு எழுதினாலன்றி, பின்னர் மைப்படி எடுப்பதற்கும் அங்கு எழுத்து இராது.

யாம் கேட்ட ஒன்றனை ஈண்டுப் பதிவு செய்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ஆயுதபூசைக்கு முன்னாள் மாலையில் ஓசூரில் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தோம். எந்திரங்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டிருந்தனர். சுவரோரம் இரும்பாலான பிள்ளையார் ஒருவர் அமர்ந்திருந்தார். முழங்கால் அளவு உயரம். வயிறு உருளைத்தாங்கியின் பெரிய வெளிவளையம். துதிக்கை மோட்டார்வண்டிச் சங்கிலியைக் கணுக்கணுவாகப் பற்றவைத்து விறைப்பாக்கியது. செவிகள் அச்சில் வெட்டிய தகட்டின் மிச்சம், வட்ட ஓட்டைகளோடு. ஒற்றைக்கொம்பு ஒரு துளையூசி. ஒடிந்த மற்றைக்கொம்பிற்கு உண்மையிலேயே ஒடிந்த துளையூசியைத் தேர்ந்து வைத்திருந்தார் செய்தவர். எலி ஒரு பெரிய மரையாணித் தலை. பீடம் பழைய பிரேக் உருளை. அஃது வார்ப்பிரும்பாதலின் பற்றவைத்தால் விரிசல் விடும் எனக் கருதி, மரையாணிகளால் முடுக்கியிருந்தார். துத்தநாகம் பூசிய தகடு பளபளப்பாக இருந்தும் அதனைத் தொடவில்லை. பற்றவைக்கும்பொழுது எழும் புகை நெஞ்சுக்கு ஆகாதாம். பொருளின் குணமறிந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் இத்தேர்ச்சியினைச் சிற்பநூலார் கல்லுக்குக் கூறிய இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது தகும்.

செய்தவர் நாற்பது அகவையை நெருங்கியவர், பற்றவைப்புத் தொழிலாளி, வீட்டிற் பேசுவது கன்னடம், எம்மோடு பேசியது தமிழ். மூன்று மாலைகள் வேலை நேரம் முடிந்தபின் இருந்து செய்ததாகக் கூறினார். பெயரைக் கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டோம். “பேரெல்லாம் வேண்டாங்க சார், துண்டெல்லாம் கணக்குல இருக்கறது” என்றார். கழிவிரும்பு எடைபோட்டு ஏலத்திற்குச் செல்வது. அதனை எடுத்து உருவம் செய்தல் முறையோ அன்றோ என்பது அவர்க்குத் தெளிவாகத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் கண்டும் காணாதவர்போல் இருந்தார். எனவே பெயரை எழுதவில்லை.

இரு வாரம் கழித்து மீண்டும் சென்றபொழுது பிள்ளையார் அங்கு இல்லை. மண்ணால் செய்தவரை நீரில் கரைப்பது போலத்தான் எனச் சிரித்துக்கொண்டே அவர் கூறினார். மாதக் கடைசியில் வண்டி வந்தபொழுது மற்ற இரும்போடு எடைக்குப் போய்விட்டாராம். பிரேக் உருளை மட்டும் மரையாணிகளைக் கழற்றி எடுத்துவைக்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்புக்கு விலை வேறு.